சுழியோடியின் பிரயாணப் பெட்டி



இலங்கையின் மேல்கரையைத் தென்மேல் பருவக்காற்று அலைக்கழிக்கும் மாதங்களிலே, கீழ்க்கரையிலுள்ள திருகோணமலைக் கடல் குளம்போல அடங்கிக் கிடக்கும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரையில் அந்நீர் தெளிந்திருக்கும். அக்காலத்தில் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வந்திறங்கும் பிரயாணிகள் பலரின் பெட்டிகள் வழக்கத்துக்கு மாறாகக் கனத்தும் நீண்டும் இருப்பதைக் காணலாம். அவற்றினுள்ளே பட்டாடைகள் இல்லை. வாத்தின் கால்போன்ற இறப்பர்த் துடுப்புகள், கண்ணாடி முகமூடி, கறுப்புக் குழாய்கள் பின்னிய பித்தளைக் கருவி ஒன்று, கத்தி, விளக்கு ஆகியன இருக்கும். இவர்கள் கடலடியைக் காண வந்த சுழியோடிகள். தம் கருவிகளை ஆகாய விமானத்தில் ஏற்றிக் கட்டுநாயக்கா விமான நிலையத்தின் சோதனைகளைக் கடந்து கொண்டுவருவது இவர்களுக்கு ஒரு தனிக் கலையாகவே ஆகிவிட்டது.

முற்காலத்துச் சுழியோடிக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவன் தன்னை ஆழத்துக்கு இழுக்க ஒரு கல்லும், மீட்க ஒரு கயிறும், சிப்பி நிறைக்க ஒரு பையும் கொண்டு தொழிலை முடித்தான். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த தம்பலகாமக் குடாவில் மெல்லிய சிப்பிகளை வாரி எடுத்தவர்களுக்கும் மூச்சே முதல். அடக்கிய மூச்சைச் சோதிக்க எந்தச் சுங்க உத்தியோகத்தரும் துறையில் காத்திருக்கவில்லை.

காற்றைச் சிலிண்டரில் அடைத்து முதுகிற் சுமந்து இறங்கும் வழக்கம் இக்கரைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான். 1956ஆம் ஆண்டிலே ஆர்தர் சி. கிளார்க் என்ற எழுத்தாளரும் மைக் வில்சன் என்ற அவர் நண்பரும் கோணேசர் கோயில் அமைந்த சுவாமிப் பாறையின் அடியிலே இறங்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டிலே போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய பழைய ஆலயத்தின் தூண்களையும் செதுக்கு வேலை கொண்ட கற்களையும் கடலடியிலே கண்டு படம்பிடித்தார்கள். அந்த அனுபவங்களைக் கிளார்க் அடுத்த ஆண்டே நூலாக வெளியிட்டார். 1954ஆம் ஆண்டின் இறுதியில் அவர் முதன்முதலாகக் கொழும்பைப் பார்த்தது, அவுஸ்திரேலியாவுக்குச் செல்லும் கப்பலிலிருந்து இறங்கியபோதுதான். கப்பற் பிரயாணிக்கு நிறையைப் பற்றியும் அமுக்கத்தைப் பற்றியும் அவ்வளவு கவலை இல்லை. கப்பல் கடல்மட்டத்தை விட்டு ஓர் அடியும் உயர்வதில்லை. விமானமோ முப்பத்தையாயிரம் அடிக்கு உயர்கிறது. கடலாழத்துக்கென்று செய்த பொருளை வானத்தின் உயரத்துக்கு எடுத்துச் செல்லும்போதுதான் சிக்கல்கள் எல்லாம் பிறக்கின்றன.

முதற் சிக்கல் சிலிண்டர். அதற்குள் இருப்பது பிராணவாயு என்று பலர் நினைக்கிறார்கள். செய்தித்தாள்களிலும் அவ்வாறே எழுதுகிறார்கள். அது தவறு. சாதாரணச் சுழியோடியின் சிலிண்டரில் இருப்பது நாம் மூச்சுவிடும் இதே வளிதான். பன்னிரண்டு லீற்றர்க் கொள்ளளவுள்ள சிலிண்டரில் வளிமண்டல அமுக்கத்தின் இருநூறு மடங்கு அழுத்தி அடைத்தால் ஏறத்தாழ 2400 லீற்றர் வளி அதில் அடங்கும். நெருக்கப்பட்ட வளி வெளியேற வழிதேடிக்கொண்டே இருக்கும். சிலிண்டர் சூடேறினாலோ அதன் உலோகத்தில் ஒரு குறை இருந்தாலோ என்ன நேரும் என்பதை 2008ஆம் ஆண்டு ஆடி மாதம் 25ஆந் தேதி உலகம் கண்டது. ஹொங்கொங்கிலிருந்து மெல்பேணுக்குப் பறந்துகொண்டிருந்த குவாண்டஸ் விமானத்தின் பொதிக்கூடத்தருகே, அவசர உபயோகத்துக்கென விமானத்திலேயே பொருத்தியிருந்த ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று வெடித்தது. விமானத்தின் பக்கச்சுவரிலே ஆள் நுழையத்தக்க ஓட்டை விழுந்தது. 365 உயிர்களைச் சுமந்த அவ்விமானம் மணிலாவில் பத்திரமாக இறங்கியது. ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. முறையாகச் சோதித்துப் பொருத்திய சிலிண்டரே அவ்வாறு செய்யக்கூடுமாயின், யாரோ ஒரு பிரயாணி பெட்டிக்குள் திணித்த சிலிண்டரை விமான நிறுவனம் எவ்வாறு நம்பும்?

ஆகையால், வளி நிறைந்த சிலிண்டரைப் பிரயாணிகளின் பொதியோடு ஏற்ற அனுமதி இல்லை. வெறுஞ் சிலிண்டரை ஏற்கும் நிறுவனங்களும் அது வெறுமையானது என்பது கண்ணுக்குத் தெரியவேண்டும் என்கின்றன. அமெரிக்க விமான நிலையங்களிலே அதன் வால்வைக் கழற்றி, உள்ளே பார்க்கக்கூடியதாக வைக்கவேண்டும் என்பது விதி. வெறுஞ் சிலிண்டரும் பதினான்கு கிலோ அளவில் நிறுக்கும். அதற்குப் பின் பெட்டியில் வேறென்ன வைப்பது? நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உள்ள சுழியோடல் நிலையங்களிலே சிலிண்டரும் இடுப்பிற் கட்டும் ஈயக்கட்டிகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன. விவரமறிந்தவர்கள் இவ்விரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். ஈயத்துக்கு இன்னொரு குற்றமும் உண்டு. அது எக்ஸ்கதிரை ஊடுருவ விடாது. சோதனைத் திரையில் ஈயக்கட்டி ஒரு கருங்குழியாகத் தோன்றும். அதன் மறைவில் என்ன இருக்கிறது என்று பார்க்க, பெட்டியைத் திறந்து கொட்டுவதைத் தவிர உத்தியோகத்தருக்கு வேறு வழியில்லை.

சிலிண்டர் எல்லாவற்றுக்கும் தடை என்று எண்ணிவிடலாகாது. இங்கே ஒரு விநோதம் உண்டு. திருகோணமலையிற் பிறந்து இன்று சுவிற்சர்லாந்திலும் நோர்வேயிலும் வாழ்வோரின் பிள்ளைகள், பள்ளிக்கூடத்திலேயே பனிச்சறுக்கல் கற்றுக்கொள்கிறார்கள். ஆடி ஆவணி விடுமுறையிலே அம்மம்மாவின் ஊருக்கு வந்து புறாத்தீவில் நீந்தும் பிள்ளை, மார்கழியிலே சறுக்குப் பலகைகளைப் பொதியிற் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறது. ஒரே வீட்டின் அலுமாரியில் கடற்பையும் பனிப்பையும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. விமானப் பிரயாண விதிகளிலும் அவ்விரண்டும் அயல்வீட்டுக்காரர்களே.

பனிமலையில் உயரச் சென்று சறுக்குவோர் முதுகில் ஒரு பையைச் சுமப்பர். மேலிருந்து பனி சரிந்து வரும்போது அதன் பிடியை இழுத்தால், பைக்குள் உள்ள சிறிய சிலிண்டரின் வாயு சில விநாடிகளில் ஏறத்தாழ 150 லீற்றர் கொள்ளும் பலூனை ஊதிவிடும். பலூன் ஏன் உயிரைக் காக்கிறது? உழுந்தையும் கச்சான்கடலையையும் ஒரு பாத்திரத்தில் கலந்து குலுக்கிப் பாருங்கள். பெரியதாகிய கச்சான் மேலே வரும். சரிந்தோடும் பனியும் அவ்வாறே குலுங்குகிறது. பலூனைச் சுமந்த மனிதன் பெரிய துண்டாகி மேலே வருகிறான், புதைபடாமல் தப்பும் வாய்ப்பு அவனுக்கு மிகுதியாகிறது.

உயிர்காக்கும் பொருள் என்பதால் சர்வதேச விதி இப்பைக்கு விலக்கு அளித்திருக்கிறது. ஒருவருக்கு ஒரு பை மாத்திரம். அதன் வாயு எரியாததும் நஞ்சற்றதுமாக இருக்கவேண்டும். பிடியை இழுத்ததும் சிலிண்டரைத் திறப்பதற்குச் சிலவற்றில் ஒரு துளி வெடிமருந்து வைத்திருப்பார்கள். அது 200 மில்லிகிராமை மிஞ்சலாகாது. பலூனிலே மிகை அமுக்கத்தை வெளிவிடும் வால்வு இருத்தல் வேண்டும். தவறுதலாக இழுபடாதபடி பிடியைப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, விமான நிறுவனத்தின் சம்மதத்தை முன்கூட்டியே பெறவேண்டும். கடலிலே தானாக ஊதும் உயிர்காப்பு அங்கிக்கும் இதையொத்த விலக்கு உண்டு: பொருத்தியபடி இரண்டு சிறு சிலிண்டர்கள், மாற்றுக்கு இன்னும் இரண்டு. இதற்கும் நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். சிலிண்டருக்குப் பதிலாக மின்விசிறியால் ஊதும் பனிப்பைகளும் இப்பொழுது வந்துவிட்டன. அவற்றிலே மின்கலம் இருப்பின், வாயுவின் தொல்லை நீங்கி மின்கலத்தின் தொல்லை வந்து சேர்கிறது.

விதி அனுமதிப்பது ஒன்று. வாயிலில் நிற்பவர் அனுமதிப்பது இன்னொன்று. கட்டுநாயக்காவிலோ சூரிச்சிலோ சோதனை மேசையில் நிற்பவர் தம் வாழ்நாளில் இப்பை ஒன்றைக் கண்டிராதவராக இருக்கலாம். அவர் திரையிலே காண்பது ஒரு சிலிண்டரும், அதன் வாயில் ஒரு கம்பியும், சிறிது வெடிமருந்துமே. அவர் சந்தேகிப்பதிலே பிழையில்லை. நிறுவனத்தின் சம்மதக் கடிதமும் உற்பத்தியாளரின் விவரத்தாளும் பையின் மேலேயே இருந்தால் காரியம் பத்து நிமிடத்தில் முடியும். அவை பெட்டியின் அடியிலே கிடந்தால் பை பின்தங்கும்.

பைகளைத் திறந்து காட்டும் வழக்கம் திருகோணமலை மாவட்டத்து மக்களுக்குப் புதிதன்று. யுத்த காலத்திலே பஸ்ஸை விட்டிறங்கிப் பொதிகளைச் சுமந்து சோதனைச் சாவடிகளைக் கடந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2001ஆம் ஆண்டு ஆடி 24ஆந் தேதி தாக்குதலுக்கு இலக்கான விமான நிலையம் கட்டுநாயக்கா. ஆகவே இந்நாட்டிலே ஒருவரின் பெட்டியைத் திற என்று சொல்லும்போது, அச்சொல் வெறுஞ் சட்டமாக மாத்திரம் காதில் விழுவதில்லை. ஆயினும் சுழியோடியின் பெட்டியைப் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் ஆளைப் பற்றியவை அல்ல, பௌதிகத்தைப் பற்றியவை. இவ்வேறுபாட்டை அறிந்திருந்தால் மனம் புண்படாமல் விடை சொல்லலாம்.

விளக்கை எடுத்துக்கொள்வோம். டோர்ச் லைற் என்று மக்கள் வழங்கும் மின்சூள் வீட்டில் இருப்பது. அதனால் அச்சம் எதுவுமில்லை. கடலடி மின்சூள் வேறு. அதன் ஒளி மிகப் பெரியது. அவ்வொளியோடு பிறக்கும் வெப்பத்தைச் சுற்றியுள்ள கடல்நீரே தணிக்கிறது. அதே விளக்கு உடுப்புகளுக்கிடையில் தற்செயலாக எரியத் தொடங்கினால் தணிக்க நீர் ஏது? துணி கருகும், தீ மூளவும் கூடும். அதனாலேதான் அத்தகைய விளக்கை, மின்கலத்தையும் விளக்கையும் வேறுபிரித்து, நிறுவனத்தின் சம்மதத்தோடு கொண்டுபோக வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்.

இலிதியம் மின்கலங்களுக்கும் இதே நியாயம். மாற்று மின்கலங்களைப் பொதிக்கூடத்தில் வைக்கலாகாது, கைப்பையில்தான் வைக்கவேண்டும். ஆபத்தான பொருளைப் பிரயாணிகளின் பக்கத்திலே வைக்கச் சொல்கிறார்களே என்று சிலர் மலைப்பதுண்டு. கைப்பையில் புகை எழுந்தால் பணியாளர் கண்டு நீரூற்றித் தணிப்பர். கூடத்தின் அடியில் எழும் புகையை யார் காண்பது? இலிதிய அயன் மின்கலங்களைத் தனிச்சரக்காகப் பிரயாணி விமானங்களில் ஏற்றுவது 2016ஆம் ஆண்டு சித்திரை முதலாந் தேதி தொடக்கம் நிறுத்தப்பட்டது. பிரயாணி தம் கருவிக்கெனக் கொண்டுவரும் மின்கலம் நூறு உவாற்று-மணி வரையில் பொதுவாகத் தடையின்றிச் செல்லும். நூற்றுக்கும் நூற்றறுபதுக்கும் இடைப்பட்டதாயின் சம்மதம் பெற்று, மாற்றாக இரண்டு மாத்திரம். உவோற்றை அம்பியர்-மணியாற் பெருக்கினால் வரும் எண் இது. எட்டாம் வகுப்பு மாணவனும் கணக்கிடுவான். முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி ஒட்டுநாடாவால் மூடிவிட வேண்டும்.

கத்தியும் சறுக்குக் கோல்களும் பொதிக்கூடத்துக்கு உரியவை என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. மூச்சு வாங்கும் கருவியாகிய ரெகுலேற்றரை மட்டும் அனுபவசாலிகள் கைப்பையிலே, திறந்ததும் தெரியும்படி மேலே வைக்கிறார்கள். பொதி தொலைந்தால் துடுப்பையும் அங்கியையும் இரவல் வாங்கலாம். தன் உயிர் தொங்கும் கருவி தனக்குப் பழகியதாக இருத்தல் நன்று. கடலடிக் கமராவின் நீர்புகாக் கூட்டை இறுக மூடி விமானத்தில் ஏற்றினால், மேலே அமுக்கம் குறையும்போது உள்ளே அடைபட்ட வளி அதன் மூடியை வெளியே தள்ளப் பார்க்கும். ஆகவே அதன் இறப்பர் வளையத்தைக் கழற்றி, வளி போய்வர வழிவிட்டுக் கட்டவேண்டும்.

திரும்பும் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. புறாத்தீவு 1963ஆம் ஆண்டிலே சரணாலயமாகவும் 2003ஆம் ஆண்டிலே தேசிய வனமாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதன் கரையெங்கும் இறந்த முருகைக்கற் துண்டுகள் வெள்ளையாகக் குவிந்து கிடக்கின்றன. ஒன்றை எடுத்தால் யாருக்கு நட்டம் என்று தோன்றும். ஆனால் முருகைக்கல்லைக் கொண்டுசெல்வது குற்றம். கட்டுநாயக்காவின் எக்ஸ்கதிர் ஈயத்தைக் கண்டு திகைத்தாலும் முருகைக்கல்லை நன்கு அடையாளங் காணும்.

இனி, எந்த எக்ஸ்கதிரும் காட்டாத பொதி ஒன்று உண்டு. அது சுழியோடியின் உடம்பு. பெட்டியைப் பற்றி நூறு கேள்வி கேட்கும் விமான நிலையத்திலே, கடைசியாக எப்பொழுது கடலில் இறங்கினீர் என்று எவரும் கேட்பதில்லை. அக்கேள்வியைச் சுழியோடி தானே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடலில் பத்து மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. இருபது மீற்றரிலே மேலிருப்பதைப் போல மும்மடங்கு. அந்த அமுக்கத்தில் சுவாசிக்கும் வளியிலுள்ள நைதரசன், குருதியிலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. சோடாப் போத்தலிலே வாயு கரைந்திருப்பது போலத்தான். மூடியிருக்கும் வரையில் போத்தல் தெளிவாக இருக்கும். சட்டெனத் திறந்தால் நுரைக்கும். மெதுவாக மேலே வந்த சுழியோடியின் உடம்பிலிருந்து நைதரசன் மூச்சோடு சிறிது சிறிதாக வெளியேறுகிறது. ஆனால் அது முழுவதும் வெளியேற மணிக்கணக்கிற் செல்லும். அதற்குள் அவர் விமானம் ஏறினால் என்ன ஆகும்? விமானத்தின் உள்ளே கடல்மட்டத்து அமுக்கம் இருப்பதில்லை. ஆறாயிரம் முதல் எண்ணாயிரம் அடி உயரமுள்ள மலையுச்சியில் நிற்பதற்குச் சமமான அமுக்கமே இருக்கும். போத்தலின் மூடி மறுபடியும் தளர்கிறது. மூட்டுகளிலும் நரம்பிலும் குமிழிகள் எழலாம்.

2002ஆம் ஆண்டிலே இதனை ஆராய்ந்த நிபுணர்கள் கூடி வகுத்த அளவு இது: இடைநிறுத்தம் வேண்டாத ஒரு சுழியோடல் மாத்திரம் செய்தவர் 12 மணித்தியாலமேனும் காத்திருக்க வேண்டும். ஒரு நாளில் பலமுறையோ பல நாட்கள் தொடர்ந்தோ இறங்கியவர் 18 மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். ஆழத்திலே இடைநிறுத்தங்கள் செய்து மேலெழ வேண்டிய அளவுக்குச் சென்றவர் அதனினும் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். 1942ஆம் ஆண்டு சித்திரை 9ஆந் தேதி மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பலைக் காண இறங்குவோர் இக்கடைசி வகையினர். அக்கப்பல் ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திலே கிடக்கிறது.

இக்கணக்கைத் திருகோணமலைப் பாதையில் வைத்துப் பார்ப்போம். ஒருவர் ஐந்து நாட்கள் புறாத்தீவைச் சுற்றி இறங்குகிறார். கடைசி நாள் காலையிலும் ஆசை விடவில்லை. பத்து மணிக்குக் கரையேறுகிறார். பிற்பகல் இரண்டு மணிக்கு வாகனத்தில் ஏறிக் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக இரவு எட்டரைக்குக் கட்டுநாயக்கா சேர்கிறார். விமானம் ஒரு மணிக்கு. நீண்ட நாள் கழிந்துவிட்டது போலத்தான் அவருக்குத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் பதினைந்து மணித்தியாலம். இன்னும் மூன்று குறைகிறது.

நுவரெலியாவுக்குப் போகிறவருக்கும் இக்கணக்கு உண்டு என்பதை ஏராளமானோர் அறிவதில்லை. அந்நகரின் உயரம் 1868 மீற்றர், அதாவது ஆறாயிரத்து நூறு அடிக்கும் மேல். காலையில் நிலாவெளிக் கடலடியிலும் இரவில் நுவரெலியாக் குளிரிலும் ஒரே நாளிலே இருந்துவிட வேண்டும் என்று திட்டமிடுகிறவர், விமானம் ஏறாமலே விமானத்தின் உயரத்தை அடைகிறார். மலைநாட்டை முதலிலும் கடலைப் பின்னரும் வைத்தாலும், கட்டுநாயக்காவுக்கு முன் ஒரு நாளை ஒதுக்க வேண்டும்.

அந்த ஒரு நாள் வீணாவதுமில்லை. உப்புநீர் தோய்ந்த அங்கியையும் குழாய்களையும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்த ஒரு நாள் எப்படியும் வேண்டும். ஈரமாகக் கட்டினால் நிறை கூடும், நாற்றமும் எடுக்கும். கருவி உலரும் நேரத்திலேயே உடம்பும் நைதரசனை விடுகிறது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் காணலாம். பிரட்றிக் கோட்டை வழியாகக் கோணேசர் கோயிலுக்கு ஏறலாம். சுவாமிப் பாறையின் சில நூறு அடி உயரம் குருதிக்கு ஒரு பொருட்டன்று.

விதியைக் கடந்து ஏறிவிட்டவருக்கு, விமானத்திலோ இறங்கிய பின்னரோ தோளிலும் முழங்கையிலும் ஆழ்ந்த வலி, தோலிலே ஊறல், கால் மரத்தல், தலைசுற்றல், வழக்கத்துக்கு மிஞ்சிய சோர்வு ஆகியன தோன்றலாம். நெடும் பிரயாணத்தின் அலுப்பு என்று படுத்துவிடுவதே இதில் பேராபத்து. ஒட்சிசன் கொடுத்தலும், அமுக்க அறையில் வைத்துக் குமிழிகளை மீளக் கரையச் செய்தலுமே சிகிச்சை. தாமதம் ஆக ஆக நரம்புக்கு நேர்ந்த கேடு நிலைத்துவிடக் கூடும். இது வெளிநாட்டவருக்கு மாத்திரம் உரிய நோயுமன்று. சிலிண்டர் கட்டிக்கொண்டு சங்கும் கடலட்டையும் எடுக்கும் நம் கடற்றொழிலாளர், ஒரு நாளில் பலமுறை இறங்கியேறி, மாலையில் மூட்டுவலி என்று எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பதும் பெரும்பாலும் இதுவே. ஒஸ்லோவின் வைத்தியசாலையானாலும் குச்சவெளிக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலையானாலும், நோயாளி முதலிற் சொல்லவேண்டிய செய்தி ஒன்றே: எத்தனை மீற்றர் ஆழம், எத்தனை தடவை, கடைசியாக எத்தனை மணிக்குக் கரையேறியது.